அந்த ஆச்சி சொன்னது ‘வந்தாக’வா, ‘வந்தாஹ’வா?

பொதிகைக்காற்று | ஞாயிறு, இரவு 9.10
சமீபத்தில் பார்த்த படங்களைப் பற்றி ஆளுக்கு நாலு வரி எழுதலாம் என்று இந்தத் திரி. முதலில் நானே ஆரம்பிக்கிறேன். ‘வாழை’யை 2024-ல் தியேட்டரில் பார்த்தபோது கடைசிக் கால் மணி நேரம் உட்கார முடியாமல் வெளியே வந்துவிட்டேன். இந்த வாரம்தான் வீட்டில் முழுதாகப் பார்த்தேன். இப்போதும் லேசாக இல்லை.

அடுத்தது, போன வெள்ளிக்கிழமை ஓடிடியில் வந்த வெள்ளப் படம். பெயரை எழுதினால் நடிகரின் ரசிகர்கள் வந்து திரியைக் குழப்புவார்கள், அதனால் எழுதவில்லை. பார்க்காதவர்களுக்குக் கதை இதுதான்: ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் நடுவில் தாமிரபரணி ஆற்றங்கரையில் ஓர் ஊர். பழைய வீட்டை விற்கச் சென்னையிலிருந்து பேரன் வருகிறான். ஆச்சி கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். அன்று ராத்திரி 2023 டிசம்பர் வெள்ளம் வருகிறது. இரண்டு பேரும் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவுதான். எனக்கு ரொம்பப் பிடித்தது, அதிலும் ஆச்சியின் பேச்சு. இவ்வளவு அசலான நெல்லைத் தமிழை எந்தப் படத்திலும் நான் கேட்டதில்லை.

வாகையடிமுக்கு | இரவு 9.32
அசலான நெல்லைத் தமிழா? தம்பி, உங்களுக்கு அம்பாசமுத்திரம் என்று ஞாபகம். அம்பையில் பிறந்தவர் இப்படி எழுதலாமா?

1 மணி 12-வது நிமிடத்தைத் திரும்பப் போடுங்கள். தட்டட்டியில் உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஆச்சி பேரனிடம் சொல்கிறாள்: “ஒங்க தாத்தா இதே மாரி ஒரு மழையிலதான் டவுன்லேந்து என்னயக் கூட்டிட்டு வந்தாக.” வந்தாக! திருநெல்வேலி டவுனில் பிறந்த ஆச்சி தன் வீட்டுக்காரரைச் சொல்லும்போது ‘வந்தாக’ என்று சொல்லவே மாட்டாள். ‘வந்தாஹ’ என்பாள். இவள் மதுரைப் பக்கத்து ஆச்சி. படம் எடுக்கிறவர்களுக்கு மதுரையைத் தாண்டினால் எல்லாம் ஒரே ஊர். அந்த இடத்தில் நிறுத்தியவன்தான், மீதியை நான் பார்க்கவில்லை.

கரிசல்காடு | இரவு 9.47
‘வந்தாக’ என்றால் மதுரை என்று யார் சொன்னது? கோவில்பட்டியில் என் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு மதினி எல்லாரும் ‘வந்தாக, போனாக’தான். 1986 அக்டோபர் 20-ம் தேதி தூத்துக்குடியைத் தனியாகப் பிரிக்கிற வரைக்கும் நாங்களும் திருநெல்வேலி மாவட்டம்தான். மறுநாள் காலையில் எங்கள் நாக்கு மாறிவிட்டதா? எங்கள் இடைசெவலில் உட்கார்ந்துகொண்டுதான் கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குச் சொற்களை அகராதியாகத் தொகுத்தார். டவுனில் இத்தனை பேர் இருக்கிறீர்களே, ஆச்சி பேச்சுக்கு ஒரு நோட்டுப் போட்டிருக்கிறீர்களா?

வாகையடிமுக்கு | இரவு 9.58
கி.ரா. தொகுத்தது கரிசல் அகராதி. பெயரிலேயே கரிசல் இருக்கிறது. அதில் டவுன் ஆச்சியைத் தேடினால் கிடைப்பாளா? உங்கள் அம்மா ‘வந்தாக’ சொல்லட்டும், அழகாகத்தான் இருக்கும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் படத்து ஆச்சி டவுன்காரி. அவளே தன் வாயால் சொல்கிறாள். டவுனில் பிறந்தவள் ‘வந்தாஹ’.

தேரிமணல் | இரவு 10.15
இரண்டு பேரும் சேர்ந்து பாதி ஜில்லாவையே விட்டுவிட்டீர்கள். திசையன்விளை, ராதாபுரம், உவரி, சாத்தான்குளம் என்று தெற்கே வந்து பாருங்கள். “அவிய வந்தாவ.” “மாமா என்ன சொல்லுதாவ?” இதுதான் பேச்சு. ஆச்சி ஆற்றங்கரை ஊருக்கு வாக்கப்பட்டு வந்து அறுபது வருஷம் ஆகிறது. மாமியார், கொழுந்தியாள், வயலுக்கு வருகிற ஆட்கள் எல்லாரும் பேசுகிற பேச்சுத்தான் அவள் நாக்கிலும் ஏறியிருக்கும். அவள் ‘வந்தாவ’ என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ‘க’வும் தப்பு, ‘ஹ’வும் தப்பு.

வாகையடிமுக்கு | இரவு 10.31
வாக்கப்பட்டு வந்தால் நாக்கு மாறிவிடுமா? என் சின்னத்தை அதே ஆற்றங்கரையில் இருக்கிற ஏரலுக்கு வாக்கப்பட்டுப் போய் நாற்பத்திரண்டு வருஷம். நேற்றுக்கூடப் போனில் “அத்தான் இப்பந்தான் வெளிய போனாஹ” என்றாள். நாற்பத்திரண்டு வருஷம் ஏரல் தண்ணீரைக் குடித்தும் ‘ஹ’ போகவில்லை. பெண்பிள்ளைகள் பிறந்த வீட்டிலிருந்து நகையைக் கொண்டுபோவார்கள், பாத்திரத்தைக் கொண்டுபோவார்கள். அதெல்லாம் கரைந்துபோகும். பேச்சு ஒன்றுதான் கடைசி வரை அவள் கையில் இருப்பது. அதை ஓர் எழுத்தில் தட்டிப் பறித்துவிட்டார்கள். உங்களுக்கு வலிக்கவில்லை, எனக்கு வலிக்கிறது.

தேரிமணல் | இரவு 10.40
உங்கள் சின்னத்தை ஒருத்தரை வைத்து ஜில்லாவுக்கே தீர்ப்பா? என் பெரியம்மை பாளையங்கோட்டையில் பிறந்து இட்டமொழிக்கு வாக்கப்பட்டு வந்தவர். இன்றைக்கு ‘வந்தாவ’ தவிர வேறு தெரியாது. அவரைக் கணக்கில் சேர்க்க மாட்டீர்களா?

வாகையடிமுக்கு | இரவு 10.44
பாளையங்கோட்டை வேறு, டவுன் வேறு.

அணைக்கட்டு | இரவு 11.02
நான் ஸ்ரீவைகுண்டம். வெள்ளத்தின்போது அங்கேயே இருந்தேன். படத்தைப் பற்றி ஒன்று சொல்லலாமா?

வீட்டுக்குள் தண்ணீர் வருகிற காட்சி. வழக்கமாகப் படத்தில் கதவை உடைத்துக்கொண்டு தண்ணீர் பாயும். இதில் ஆச்சி அடுக்களையில் நிற்கிறாள். பாத்திரம் கழுவுகிற அங்கணத்துத் துளையிலிருந்து ‘குபுக்’ என்று ஒரு சத்தம். கொஞ்சம் கறுப்புத் தண்ணீர் மேலே வந்து, உள்ளே போய், திரும்ப வருகிறது. அவள் குனிந்து பார்க்கிறாள். வாசல் நடையில் ஒரு சொட்டு இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வந்தது. வாசலுக்கு மண்மூட்டை அடுக்கிவிட்டுப் பட்டாசலில் உட்கார்ந்திருந்தோம், பின்னால் அங்கணம் வழியாக ஏறிவிட்டது. இதை எழுதியவர் ஒன்று வெள்ளத்தில் நின்றவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் நின்றவர்களிடம் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

கரிசல்காடு | இரவு 11.09
அணைக்கட்டு அண்ணாச்சி, நீங்கள் அந்த ஊர்க்காரர். நீங்களே சொல்லுங்கள். உங்கள் ஊரில் ‘வந்தாக’ உண்டா, இல்லையா?

அணைக்கட்டு | இரவு 11.15
எல்லாமும் உண்டு. தெருவுக்குத் தெரு மாறும். நான் வெள்ளத்தைப் பற்றிச் சொன்னேன்.

வாகையடிமுக்கு | இரவு 11.18
பார்த்தீர்களா, ‘உண்டு’ என்று மட்டும் சொல்கிறார். டவுன் ஆச்சி சொல்வாள் என்று சொல்லவில்லை.

குறுக்குத்துறை | திங்கள், காலை 7.05
காலையில் ஹெட்போன் மாட்டி அந்த இடத்தை ஆறு தடவை கேட்டேன். அண்ணாச்சி, அது ‘வந்தாக’ இல்லை. ‘வந்தாஹ’தான். பின்னால் மழைச் சத்தம் இருப்பதால் கொஞ்சம் அழுத்தமாகக் கேட்கிறது, அவ்வளவுதான்.

வாகையடிமுக்கு | காலை 7.20
ஆறு தடவை கேட்டவருக்கு ஏழாவது தடவை கேட்க நேரமில்லையா? நான் டிவியில் சத்தத்தை முழுக்க வைத்துக் கேட்டேன். என் வீட்டுக்காரியும் கேட்டாள். ‘க’தான்.

புத்தகப்பை | காலை 8.40
நான் பாளையங்கோட்டையில் முப்பத்தொரு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஒரு விஷயம். தமிழில் சொல்லுக்கு நடுவில் இரண்டு உயிர்களுக்கு இடையே வருகிற ‘க’ அழுத்தமாக ஒலிக்காது. ‘பகல்’, ‘முகம்’, ‘அகம்’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், ‘ஹ’வுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஆகவே ‘வந்தாக’வும் ‘வந்தாஹ’வும் காதுக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. எழுதும்போதுதான் இரண்டாகத் தெரிகிறது. இரண்டும் ‘வந்தார்கள்’ என்பதன் தேய்வு, ‘வந்தாவ’வும் அதேதான். முதலில் ‘நெல்லைத் தமிழ்’ என்று எதைச் சொல்கிறோம் என்பதை வரையறுத்துக்கொண்டால் இந்தப் பேச்சு சுலபமாக இருக்கும். ஜில்லாவா, டவுனா, ஆற்றங்கரையா, ஒரு சமூகத்தின் வீட்டுப் பேச்சா?

வாகையடிமுக்கு | காலை 9.02
டீச்சர், உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் ‘பகல்’ என்று சொல்லும்போது என் தொண்டையில் ஒரு பிடி இருக்கிறது. ‘வந்தாஹ’ என்று என் ஆச்சி சொல்லும்போது பிடியே கிடையாது, வெறும் மூச்சு. ஊதி அணைத்த விளக்கு மாதிரி இருக்கும். இலக்கணத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அது வேறு.

தேரிமணல் | காலை 9.15
டீச்சர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மறுபடியும் ஆச்சியிடம் போய்விட்டீர்கள். டீச்சர் தெளிவாகச் சொல்கிறார், ‘வந்தாவ’வும் அதே குடும்பம் என்று. அப்படியென்றால் ‘வந்தாவ’ ஏன் கூடாது?

வாகையடிமுக்கு | காலை 9.21
கூடாது என்று சொல்லவில்லை. டவுன் ஆச்சி வாயில் கூடாது.

தேரிமணல் | காலை 9.50
இப்போது நான் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். 1991-ல் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். முதல் வாரம் வகுப்புக்கு ஆசிரியர் வந்தார். “எல்லாரும் வந்தாச்சா?” என்று கேட்டார். நான் முதல் பெஞ்சு. எழுந்து நின்று “எல்லாரும் வந்தாவ சார்” என்றேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். அன்றிலிருந்து மூன்று வருஷம் என் பெயரே ‘வந்தாவ’. விடுதியில் சாப்பாட்டு மணி அடித்தால் “வந்தாவ வந்தாவளா?” என்று ஒருவன் கத்துவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் டவுன்காரர்கள். மூன்றாவது வருஷம் நான் வாயைத் திறந்தால் பத்திரிகைத் தமிழ்தான் வரும். ஊருக்குப் போனால் என் அம்மா “என்னல, வாத்தியாரு மாரி பேசுத?” என்று கேட்டாள். இத்தனை வருஷம் கழித்து ஒரு டவுன்காரர் வந்து ‘அசல்’ எது என்று எனக்குச் சொல்லித் தருகிறார்.

பொதிகைக்காற்று | காலை 10.05
அண்ணாச்சி, கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. நான் படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் வந்தேன். வேறு யாராவது வேறு படம் பார்த்தீர்களா?

வாகையடிமுக்கு | காலை 10.12
தேரிமணல் தம்பி, சிரித்தவன் நான் இல்லை. நான் அப்போது சிவகாசியில் வேலையில் இருந்தேன். யாரோ சிரித்ததற்கு என் ஆச்சியைப் பழி வாங்காதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் சென்னையில் குடியேறி இருபத்தைந்து வருஷம் ஆகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் இன்னும் டவுனில்தான் இருக்கிறேன். காலையில் பால் வாங்கப் போகும்போது காதில் விழுகிற பேச்சை வைத்துச் சொல்கிறேன், ஞாபகத்தை வைத்து இல்லை.

தேரிமணல் | காலை 10.20
டவுனில் இருந்தால் எல்லாம் தெரியுமா? 2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வடம் அறுந்தது. ஊரே பார்த்தது. அன்றைக்குத் தேரோட்டத் திரியில் “அறவில்லை, அவிழ்ந்தது” என்று மூன்று நாள் நின்றவர் யார்?

வாகையடிமுக்கு | காலை 10.24
முதல் தடவை அவிழ்ந்தது. அப்புறம்தான் அறுந்தது. அதை அங்கேயே தெளிவாகச் சொன்னேன்.

கரிசல்காடு | காலை 10.31
சொல்லவில்லை. நானும் அந்தத் திரியில் இருந்தேன்.

வாகையடிமுக்கு | காலை 10.33
நீங்கள் இருந்தீர்கள், தேரை இழுத்தீர்களா? நான் வடத்தில் கை வைத்தவன்.

ஆட்டுச்சந்தை | மதியம் 12.48
மேலப்பாளையத்திலிருந்து எழுதுகிறேன். காலையிலிருந்து ‘வந்தாஹ’ டவுன் சொத்து, டவுன் சொத்து என்று படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் வாப்பாவை, பெரியவர்களை எல்லாம் “வந்தாஹ, சொன்னாஹ” என்றுதான் சொல்வோம். காயல்பட்டினத்தில் என் மச்சினன் வீட்டிலும் இதேதான். அங்கே தாய்வீடு, மாமியார்வீடு என்ற கேள்வியே வராது, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம், கடற்கரை எல்லாம் ‘ஹ’ இருக்கிறது. வாகையடி முக்கிலிருந்து கிளம்பி எங்களுக்கு வந்தது மாதிரி எழுதாதீர்கள் அண்ணாச்சி.

வாகையடிமுக்கு | மதியம் 1.05
பாய், நீங்கள் என் பக்கம்தான் பேசுகிறீர்கள். காயல்பட்டினம் வரைக்கும் ‘ஹ’ இருக்கிறது என்றால், நடுவில் இருக்கிற ஆழ்வார்திருநகரியில் இல்லாமலா போகும்? ஆகவே ஆச்சி ‘வந்தாஹ’. நன்றி.

ஆட்டுச்சந்தை | மதியம் 1.11
நான் உங்கள் பக்கம் பேசவில்லை. டவுன் சொத்து இல்லை என்று சொன்னேன். படித்துவிட்டு எழுதுங்கள்.

கரிசல்காடு | மதியம் 1.30
ஒரு கேள்வி. 2025-ல் ‘பைசன்’ வந்தது. மணத்தி கணேசனை வைத்து எடுத்த கதை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய கபடி அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர். அதே ஆற்றங்கரைப் பக்கம்தான். அதைப் பார்த்துவிட்டு வந்து யாராவது ‘க’வா ‘ஹ’வா ‘வ’வா என்று எண்ணினீர்களா? ‘பாபநாசம்’ 2015-ல் வந்தபோது எல்லாரும் கைதட்டினீர்கள். ஊர் பெயர் பொதிகை அடிவாரம், எடுத்ததில் கேரளத்துத் தொடுபுழாவும் உண்டு. அதெல்லாம் பரவாயில்லை, இந்த ஆச்சி மட்டும் ஓர் எழுத்துக்காக நிற்க வேண்டுமா?

வாகையடிமுக்கு | மதியம் 1.52
எடுத்த இடத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. தென்காசிப் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்துப் பாறைக்கு ‘அந்நியன்’ பாட்டு எடுத்த நாளிலிருந்து ‘அந்நியன் பாறை’ என்றே பெயர் வந்துவிட்டது. இடம் எங்கே இருந்தாலும் மனுஷர் பேசுவது சரியாக இருந்தால் போதும். ‘பைசன்’ பையன் டவுன் பையன் இல்லை, அவன் அவன் ஊர்ப் பேச்சைப் பேசுகிறான். என் சண்டை டவுன் ஆச்சிக்கு. எத்தனை தடவை சொல்வது?

பொதிகைக்காற்று | மதியம் 2.10
சுந்தரபாண்டியபுரம் இப்போது தென்காசி மாவட்டம், 2019 நவம்பரிலிருந்து.

வாகையடிமுக்கு | மதியம் 2.12
அதனால் என்ன?

அணைக்கட்டு | மாலை 4.30
திரும்பவும் ஒன்று சொல்லிப் பார்க்கிறேன். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் எங்கள் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது, சுமார் 800 பேரோடு. முன்னால் தண்டவாளத்தின் அடியில் மண்ணே இல்லை, கம்பி மட்டும் தொங்கியது. பக்கத்து ஊர்க்காரர்கள்தான் வீட்டில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து வடித்துப் போட்டார்கள்.

படத்தில் ரயில் வராது. ஆனால் விடியற்காலையில் தூரத்தில் ஒரு ஹாரன் சத்தம் கேட்கும். ஆச்சி “ரயில் இன்னும் போவலியா?” என்று கேட்பாள். பேரனுக்குப் புரியாது. எங்களுக்குப் புரியும். அந்த ஒரு வரியில் நான் டிவியை அணைத்துவிட்டுத் தெருவில் போய் நின்றேன். இதைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை.

குறுக்குத்துறை | மாலை 4.41
அண்ணாச்சி, எங்கள் பக்கம் குறுக்குத்துறை முருகன் கோயிலையே தண்ணீர் மூடிவிட்டது. கரையில் நின்று பார்த்தேன். நீங்கள் சொன்னதும் அந்தக் காட்சியைத் திரும்பப் பார்க்கிறேன்.

வாகையடிமுக்கு | மாலை 4.55
அணைக்கட்டு, நீங்களே நல்ல சாட்சியம் கொடுத்துவிட்டீர்கள். “போவலியா.” அது சரியான பேச்சு. அங்கே சரியாக எழுதத் தெரிந்தவருக்கு 1 மணி 12-வது நிமிடத்தில் மட்டும் ஏன் கை தவறியது? அதுதான் என் கேள்வி. தெரியாதவர் செய்தால் விட்டுவிடலாம். தெரிந்தவர் செய்திருக்கிறார்.

அணைக்கட்டு | மாலை 5.02
நான் சாட்சியம் சொல்ல வரவில்லை.

புத்தகப்பை | மாலை 5.40
வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்த ஒருவர் இரண்டு தடவை வந்து பேசியிருக்கிறார். அதற்கு நாம் கொடுத்த மரியாதை இதுதானா?

தேரிமணல் | மாலை 5.52
டீச்சர், அவருக்கு நேரே ஒருமுறை சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் ஒரு பையன் ‘வந்தாவ’ என்று சொன்னால் சிவப்பு மையில் அடித்திருப்பீர்களா, மாட்டீர்களா?

புத்தகப்பை | மாலை 6.05
கட்டுரையில் எழுதினால் அடித்திருப்பேன். பேசினால் ஒன்றும் சொல்ல மாட்டேன். ‘வந்தாஹ’ எழுதினாலும் அடித்திருப்பேன்.

தேரிமணல் | மாலை 6.08
‘வந்தாஹ’ சொன்ன பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரித்திருக்குமா?

புத்தகப்பை | மாலை 6.30
சிரித்திருக்காது. அது உண்மைதான்.

வாகையடிமுக்கு | இரவு 8.15
இப்போது பேச்சு சாதிக்குள் போகப் பார்க்கிறது. நான் அதற்கு வரவில்லை. நான் ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு டவுனில் ஒரு வளவுக்குள். ஆச்சி பட்டாசலில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள், மடியில் வெற்றிலைப் பெட்டி. தாத்தாவுக்கு ஜவுளிக் கடையில் கணக்கு வேலை. ராத்திரி ஒன்பதரைக்கு வளவு வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும். முதலில் இடது செருப்பு, கொஞ்ச நேரம் கழித்து வலது. அவருக்கு வலது காலில் வாதம். இடது செருப்புச் சத்தம் கேட்டதுமே ஆச்சி அடுக்களையைப் பார்த்து “வந்துட்டாஹ” என்பாள். என் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் போடுவாள். ஆச்சி தாத்தாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர்தான் ‘வந்தாஹ’, அவர்தான் ‘சொன்னாஹ’. அந்த ‘ஹ’தான் அவருக்கு அவள் வைத்திருந்த பெயர்.

1998-ல் ஆச்சி போனாள். அம்மாவும் போய்விட்டாள். என் வீட்டுக்காரி வத்திராயிருப்பு, ‘வந்தாங்க’ என்பாள். என் மகளும் ‘வந்தாங்க’. என் வீட்டுக்குள் அந்தச் சத்தம் கேட்டு வருஷக் கணக்காகிறது. படத்தில் ஓர் ஆச்சி டவுன் என்று சொல்லி மழையில் உட்கார்ந்ததும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ‘வந்தாக’ என்றாள்.

பொதிகைக்காற்று | இரவு 8.32
அண்ணாச்சி, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

கரிசல்காடு | இரவு 8.40
நன்றாக எழுதியிருக்கிறீர்கள், மனசு கனத்துவிட்டது. ஆனால் உங்கள் ஆச்சி ‘வந்துட்டாஹ’ என்றால் படத்து ஆச்சியும் சொல்ல வேண்டும் என்று எப்படி ஆகும்? என் அம்மா ‘வந்துட்டாக’ என்று சொல்லும்போதும் தோசைக்கல் அடுப்பில் ஏறியது.

வாகையடிமுக்கு | இரவு 8.44
உங்கள் அம்மா டவுனில் பிறந்தவரா?

கரிசல்காடு | இரவு 8.45
இல்லை.

வாகையடிமுக்கு | இரவு 8.45
அவ்வளவுதான்.

குறுக்குத்துறை | இரவு 9.20
இன்னொரு தகவல். படத்துக்குக் கீழே ஓடுகிற தமிழ் எழுத்து வரியை (சப்டைட்டில்) போட்டுப் பார்த்தேன். அதில் ‘வந்தார்கள்’ என்று இருக்கிறது. அணைக்கட்டு அண்ணாச்சி சொன்ன இடத்தில் ‘ரயில் இன்னும் செல்லவில்லையா?’ என்று போட்டிருக்கிறார்கள்.

தேரிமணல் | இரவு 9.26
அதற்கு யாரும் கோபப்படவில்லை, பாருங்கள். மூன்று பேச்சையும் சேர்த்து ஒரே அடியாகத் துடைத்துவிட்டார்கள், திரியில் சத்தமே இல்லை. நமக்குள்ளே அடித்துக்கொள்ள மட்டும் நேரம் இருக்கிறது.

வாகையடிமுக்கு | இரவு 9.31
எழுத்து வரியை நான் படிப்பதில்லை. நான் காதால் கேட்கிறவன். ‘க’.

ஆட்டுச்சந்தை | இரவு 9.50
கடையை அடைத்துவிட்டு வந்து நானும் கேட்டேன். எனக்கு ‘ஹ’ கேட்கிறது. என் மகனுக்கு ‘க’ கேட்கிறது. இரண்டு பேரும் ஒரே போனில்தான் கேட்டோம்.

வாகையடிமுக்கு | இரவு 10.02
மகன் காது சரியாக இருக்கிறது. வாழ்த்துகள்.

சரி, ஒன்று செய்கிறேன். புதன்கிழமை ஏரலுக்குப் போகிறேன், சின்னத்தை வீட்டுக்கு. அவளை அந்தப் படத்து வரியை அப்படியே சொல்லச் சொல்லிப் பதிவு செய்து இங்கே போடுகிறேன். டவுனில் பிறந்து ஆற்றங்கரைக்கு வாக்கப்பட்ட ஆச்சி எப்படிச் சொல்வாள் என்று எல்லாரும் கேட்கலாம்.

தேரிமணல் | இரவு 10.09
போடுங்கள். வெள்ளிக்கிழமை நான் ஊருக்குப் போகிறேன். இட்டமொழிப் பெரியம்மையையும் பதிவு செய்து போடுகிறேன். அதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், ‘இப்படிச் சொல்லுங்க’ என்று உங்கள் சின்னத்தைக்குச் சொல்லிக்கொடுத்துப் பதிவு செய்யக் கூடாது.

வாகையடிமுக்கு | இரவு 10.11
என் சின்னத்தைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அணைக்கட்டு | இரவு 10.40
ஏரல் போகிறவர் பாலத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். வெள்ளம் அதை என்ன பண்ணியது என்று உங்கள் சின்னத்தையிடம் கேளுங்கள். அவர் எந்த எழுத்தில் சொன்னாலும் எனக்குச் சரி.

வாகையடிமுக்கு | இரவு 10.47
கேட்கிறேன். அதையும் பதிவு செய்கிறேன். அதில் எத்தனை ‘ஹ’ வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.